புகையில் ஒளிந்திருக்கும் புற்றுநோய் ரசாயனம்... செல்லுக்குள் போனா கண்டுபிடிக்க முடியுமா? போட்டோஎலக்ட்ரான் இமேஜிங் என்றால் என்ன?

ஓசூரில் இருந்து பாகலூர் வழியாக மாலூர் போகும் சாலையில் டூவீலரில் போனால், முன்னால் போகும் லாரியின் டீசல் புகை நேராக முகத்தில் அடிக்கும். அந்தப் புகையில் இருக்கும் ஒரு ரசாயனம் பென்சோ(ஏ)பைரீன். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையிலும் இது உண்டு. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இதை வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் ஐஏஆர்சி. 2012-ல் டீசல் புகையும் அதே பிரிவில் சேர்க்கப்பட்டது.

செல்லுக்குள் எப்படி நுழையுது?

இந்த ரசாயனம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். நம் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் கொழுப்புதான் அதிகம். அதனால் சவ்வில் கரைந்து சுலபமாக உள்ளே போய்விடும். சிக்கலே அதுக்கப்புறம்தான். இதை வெளியேற்றப் பார்க்கும் நம் உடம்பின் நொதிகளே, டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் பொருளாக இதை மாற்றிவிடுகின்றன.

எப்படிப் படம் பிடிக்கிறாங்க?

ஒளி பட்டால் சில பொருள்களில் இருந்து எலக்ட்ரான் வெளியேறும். பள்ளியில் படித்த அதே ஒளிமின் விளைவு. இதை விளக்கியதற்குத்தான் ஐன்ஸ்டீனுக்கு 1921-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு.

சாதாரண எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வெளியில் இருந்து எலக்ட்ரான்களைப் பாய்ச்சுவார்கள். இதில் அப்படியே உல்டா. மாதிரி மீது புற ஊதா ஒளி விழும். மாதிரியே எலக்ட்ரான்களை வெளியே விடும். அவற்றை லென்ஸ்கள் குவித்துப் படமாக்கும். அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஹேய்ஸ் கிரிஃபித் குழுவினர் 1970-களில் இதை உயிரியல் ஆய்வுக்குக் கொண்டு வந்தார்கள்.

சரியான அலைநீளத்தில் ஒளியைக் கொடுத்தால், சவ்வின் கொழுப்பும் புரதமும் குறைவான எலக்ட்ரான்களையே விடும். பென்சோ(ஏ)பைரீன் போன்றவை அதிகமாக விடும். சிம்பிளா சொன்னா, இருட்டில் எரியும் பல்பு மாதிரி அந்த இடம் மட்டும் பளிச்சுனு தெரியும்.

ஆஸ்பத்திரியில் இந்த டெஸ்ட் எடுக்கலாமா?

முடியாது. மாதிரியைக் காற்றில்லாத வெற்றிடத்தில் வைக்க வேண்டும். மேற்பரப்பு மட்டுமே தெரியும். இது ஆய்வகக் கருவி, நோயாளிக்கான பரிசோதனை இல்லை.

அப்போ நமக்கு என்ன பாதுகாப்பு?

இந்தியாவில் 2009-ம் ஆண்டு விதிப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பென்சோ(ஏ)பைரீனின் ஆண்டு சராசரி 1 நானோகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு! செல்லுக்குள் போன பிறகு தேடுவதைவிட, போகாமல் தடுப்பதே நல்லது. புகைப்பதை விடுங்க, குப்பையைக் கொளுத்தாதீங்க, சமையலறையில் புகை வெளியேற வழி வையுங்க.