செம்பா? சேதியா?

நடுவர் அவர்களே! குயிலாப்பாளையத்திலிருந்து பேச வந்திருக்கேன். எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "பழைய தாயத்துக்கு என்னய்யா மதிப்பு? எடைக்குப் போட்டா என்ன வருதோ, அதுதான்!" என்றார். எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு)

ஆனா ஐயா, தராசு செம்பைத்தான் நிறுக்கும். அதிலே இருக்கிற சேதியை நிறுக்குமா?

சீனாவைப் பாருங்கள். சுமார் 2000 ஆண்டுகளாகவே அங்கே காசு வடிவில் காப்புத் தகடு வார்த்திருக்கிறார்கள். கடையில் செல்லாது, உடம்பில் கட்டிக்கொள்ளத்தான். வட்டம் வானம், நடுவிலுள்ள சதுர ஓட்டை பூமி என்பார்கள். சரி, ஓட்டை ஏன் சதுரம்? வார்த்த காசுகளைச் சதுரக் கம்பியில் கோத்து, விளிம்பை அரத்தால் ராவுவார்கள். வட்ட ஓட்டையென்றால் காசு சுழலும், சதுரமென்றால் அசையாது! தத்துவமும் தொழிலும் ஒரே ஓட்டையில் அய்யா! (கைதட்டல்)

தகட்டிலே வௌவால் இருக்கும். நம்ம வீட்டுக்குள்ளே வௌவால் வந்தா விளக்குமாறைத் தேடுவோம். (சிரிப்பு) சீன மொழியில் வௌவாலும் 'ஃபூ', நற்பேறும் 'ஃபூ'. ஆகவே ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறு: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் விருப்பம், நல்ல சாவு. மீனும் 'யூ', மிச்சமும் 'யூ'. மீன் பொறித்தால் வீட்டிலே எதுவும் மிஞ்சட்டும் என்று வாழ்த்து.

"சீனாக்காரன் சமாச்சாரம் நமக்கெதுக்கு?" என்பீர்கள். 1015, 1033, 1077 ஆம் ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சீனா போயின. தஞ்சை வட்டாரத்துத் தளிக்கோட்டையிலும் ஒலயகுன்னத்திலும் சீனச் செப்புக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அந்த வார்ப்பு நமக்குப் புதுசில்லை.

காப்பும் புதுசில்லை. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று திருமாலின் ஐந்து படைகளைப் பொறித்த ஐம்படைத்தாலியைக் குழந்தைக்குப் பூட்டிய இனம் நாம். வௌவாலைச் செதுக்கிய சீனத் தாயும், வாளைக் கோத்த தமிழ்த் தாயும் கேட்டது ஒன்றே: பிள்ளை பிழைக்கணும்!

எங்க வீட்டிலேயும் வெள்ளியில் ஒன்று இருந்தது. பாட்டி எனக்குக் கட்டியது. கஷ்ட காலத்தில் அப்பா அதை எடைக்குப் போட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த வாரம் அடுப்பு எரிந்தது. ஆனால் அதில் என்ன பொறித்திருந்தது என்று இன்றைக்கு என் மகள் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பாட்டியும் இல்லை.

வெள்ளியை இன்னொரு நாள் வாங்கிடலாம் ஐயா. சேதியை எந்தக் கடையிலே வாங்குவேன்?

ஆகவே, சேதியே பெரிது என்று தீர்ப்பளியுங்கள்! (பலத்த கைதட்டல்)