கலையாத கூட்டங்கள்: அம்பார்ட்சுமியானின் 1947

சோவியத் விஞ்ஞானம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எம்மவரிடையே இரண்டு பதில்களே கிடைக்கின்றன. ஒன்று பெருமூச்சு, மற்றது ஏளனம். விக்டர் அம்பார்ட்சுமியானின் கதை இரண்டுக்கும் அடங்காது.

1947இல், ஆர்மேனியாவின் அரகட்ஸ் மலைச்சரிவில் முந்திய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த பியூரக்கான் அவதான நிலையத்திலிருந்து, நட்சத்திரங்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன என்று அவர் அறிவித்தார். அவர் முன்வைத்தது புதிய தொலைகாட்டிப் படமொன்றையல்ல. இயக்கம் பற்றிய ஒரு வாதத்தை.

எமது பால்வீதியின் வட்டில் சூரியனும் அயல் நட்சத்திரங்களும் மையத்தைச் செக்கனுக்கு ஏறக்குறைய 220 – 230 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகின்றன. உள்வட்டத்திலுள்ளவை ஒரு சுற்றை முந்தி முடிக்கும், வெளிவட்டத்திலுள்ளவை பிந்தும். ஆகவே இறுக்கமற்ற எந்தக் கூட்டமும் காலப்போக்கில் இழுபட்டுச் சிதறியே தீரவேண்டும். ஓ, பீ என வகைப்படுத்தப்படும் வெப்பமிக்க நீல நட்சத்திரங்களோ பல நூறு ஒளியாண்டுப் பரப்பில் ஐதான கூட்டங்களாகக் காணப்படுகின்றன. தமது ஈர்ப்பினால் ஒன்றையொன்று பிடித்துவைக்க இயலாத அளவுக்கு அவற்றின் அடர்த்தி குறைவு. அப்படியாயின் அவை ஏன் இன்னும் கலையவில்லை? கலைவதற்குக் காலம் போதவில்லை, அவ்வளவே. சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். இக்கூட்டங்களுக்குச் சில கோடிக்கு மேல் இருக்க முடியாது.

1951இல் அமெரிக்கரான வில்லியம் மோர்கன் இதே நட்சத்திரங்களை வைத்துத்தான் எமது பால்வீதியின் சுருள் கைகளை முதன்முதலில் வரைந்து காட்டினார். சுற்றோட்டத்தில் அயலாருடன் சேர்ந்து நகரும் இவை அவர்களிடமிருந்து விலகும் வேகம் செக்கனுக்குச் சுமார் 10 கிலோமீற்றர்தான். பத்து இலட்சம் ஆண்டில் அது 30 ஒளியாண்டு மட்டுமே. பிறந்த கையை விட்டு அதிகதூரம் போகுமுன்னரே பெரியவை எரிந்து முடிந்துவிடுகின்றன.

ஒல்லாந்தரான ஆட்ரியான் பிளாவ் 1952இல் பெர்சியஸ் மண்டலத்துக் கூட்டமொன்றின் அசைவுகளை அளந்தார். அவை விரிந்து செல்வதைக் கண்டு, பின்னோக்கிக் கணித்து, வயது 13 இலட்சம் ஆண்டுகள் என்றார். 1954இல் அவரும் மோர்கனும் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினர். வானில் எதிரெதிர்த் திசைகளில் செக்கனுக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் இரு நட்சத்திரங்களின் பாதைகள் ஓரியன் மண்டலத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. (எம்மைப் போன்றோருக்கு இதில் உவமை தேடும் ஆசை எழும்; நட்சத்திரத்தை அதன் பாட்டில் விட்டுவிடுவோம்.)

இங்கேதான் சிக்கல் வருகிறது. சிதறல் எங்கிருந்து தொடங்கியது என்பதைச் சரியாக வாசித்த அம்பார்ட்சுமியான், எதிலிருந்து தொடங்கியது என்பதில் தவறினார். யாரும் கண்டிராத அதியடர்த்தியான ஆதிப்பொருள் ஒன்று வெடித்துச் சிதறியே நட்சத்திரங்கள் தோன்றின என்று கடைசிவரை நம்பினார். குளிர்ந்த வாயு முகில்கள் ஒடுங்கியே அவை உருவாகின்றன என்பதே பின்னர் உறுதியாயிற்று. இயங்கியல் பொருள்முதல்வாதத்தின் வெற்றியென அவரது கண்டுபிடிப்பு அங்கே கொண்டாடப்பட்டது; ஸ்டாலின் பரிசும் இருமுறை கிடைத்தது. ஆனால் இந்தத் தவறைக் கட்சியின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். அதே நாட்டில், அதே தத்துவச் சொற்களுக்குள் நின்றுகொண்டே, ஷ்க்லோவ்ஸ்கி போன்றோர் வாயு முகில்களின் பக்கம் நின்றனர்.

அதற்காக அந்த ஆட்சியை மன்னித்துவிடவும் முடியாது. அம்பார்ட்சுமியான் பயின்ற புல்கோவா அவதான நிலையத்தின் பணிப்பாளராயிருந்த கெராசிமோவிச் 1937இல் சுட்டுக்கொல்லப்பட்டார். இளமையில் அவருடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய நண்பர் கோசிரெவ் 1936இல் கைதாகி, பத்தாண்டு சிறையிலும் முகாமிலும் கழித்தபின் 1946இன் இறுதியில்தான் விடுதலையானார். நட்சத்திரப் பிறப்பு பற்றிய அந்த அறிவிப்பு வந்தது மறு ஆண்டில்.

அண்மைய அளவீடுகள் கதையை மேலும் திருப்பியுள்ளன. சிக்னஸ் மண்டலத்தின் மாபெரும் நீலக் கூட்டத்தை நுணுக்கமாக அளந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு புள்ளியிலிருந்து விரிந்ததற்கான அடையாளமே இல்லை. அது பிறக்கும்போதே பரந்து பிறந்திருக்கிறது. ஆதிப்பொருளின் வெடிப்பும் இல்லை, எல்லாக் கூட்டத்துக்கும் பொதுவான விரிவும் இல்லை. ஐதான கூட்டம் நெடுங்காலம் கலையாதிருக்க முடியாது என்ற 1947இன் கணக்கோ அங்கும் பொருந்துகிறது.