பத்துக் காசு இருந்தால் பேசலாம்



இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்டது. "போன் பூத்துன்னா என்ன தாத்தா?" என்று பிள்ளைகள் கேட்டால் வியப்பதற்கில்லை. சட்டைப்பையில் பத்துக் காசுகளைச் சேர்த்துக்கொண்டு பொதுத் தொலைபேசியின் முன் வரிசையில் நின்ற கதையை அந்தத் தாத்தாவிடமே கேளுங்கள். அந்தக் கூண்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

காசு போட்டுப் பேசும் தொலைபேசியை 1889-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வைத்தவர் வில்லியம் கிரே. உலகப் புகழ் பெற்ற சிவப்புக் கூண்டோ பிரிட்டனில் பிறந்தது. 1924-இல் நடந்த போட்டியில் வென்ற சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் அதை வரைந்தார். லிவர்பூல் பேராலயத்தை வரைந்த அதே கைதான் இந்தச் சின்னஞ்சிறு கூண்டையும் வரைந்தது! அவர் விரும்பியது வெள்ளி நிறம். தபால் இலாகா தேர்ந்தெடுத்ததோ சிவப்பு. 1926 முதல் அது லண்டன் வீதிகளில் நின்றது. அதன் மேலே உள்ள கிரீடம் வெறும் அழகுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அதிலுள்ள துளைகள் வழியாகத்தான் உள்ளே இருப்பவருக்குக் காற்று வந்தது. 1936 முதல் அதைவிடச் சிறிய வடிவம் பிரிட்டனின் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கேமரன் மலைக்குச் சுற்றுலா போனவர்கள் ஸ்மோக்ஹவுஸ் ஓட்டலின் முன்னால் இப்படியொரு சிவப்புக் கூண்டைப் பார்த்திருப்பீர்கள்.

குளிர் நாட்டுக்குக் கதவு வேண்டும். வெயில் நாட்டில் கதவைச் சாத்தினால் ஆள் வெந்துபோவான்! இதைச் சிந்தித்தவர் ஷாங்காயில் பிறந்து பிரேசிலில் வளர்ந்த சூ மிங் சில்வேரா என்ற பெண் கட்டடக் கலைஞர். முட்டையைப் பாதியாக வெட்டியது போன்ற ஒரு கூட்டை அவர் அமைத்தார். கதவு கிடையாது. வெயிலும் மழையும் தலையில் படாது. தெருச் சத்தமும் குறையும். 1972-இல் ரியோ, சாவ் பாவ்லோ நகரங்களில் அது வந்ததும் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பெரிய காது'. நம் நாட்டிலும் கதவில்லாமல் மேலேயும் பக்கத்திலும் மட்டும் மறைத்த கூடுகளே பரவலாக நின்றன.

அதெல்லாம் சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தோட்டத்தில் தொலைபேசி எங்கே இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆபீசில் இருந்தது, துரை பங்களாவில் இருந்தது. லயத்தில் இல்லை. அவசரமென்றால் கிராணியிடம் போய் நிற்கணும். அவர் காதுபடத்தான் பேசணும். பெண் பார்க்கும் பேச்சையும், கடன் கஷ்டத்தையும், வேறு வேலை தேடுவதையும் அங்கே எப்படிப் பேசுவது? சாலையோரத்திலும் பஸ் நிலையத்திலும் பொதுத் தொலைபேசி வந்த பிறகு, பத்துக் காசு போட்டவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பால்மரம் வெட்டியவரும் துரையும் அந்தக் கூண்டின் முன் சமம். உயிருக்கு ஆபத்தென்றால் காசே வேண்டாம். 999 சுழற்றினால் போதும். 1937-இல் லண்டனில் தொடங்கிய எண் அது. நம் நாட்டுக்கும் அதுவே அவசர எண்ணாயிற்று.

அப்படிப்பட்ட கூண்டுகளைச் சிலர் ஒயரை அறுத்தும், காசுப் பெட்டியை உடைத்தும் பாழாக்கினார்கள். நள்ளிரவில் பிரசவ வலிக்கு வண்டி கேட்க ஒருவர் ஓடி வருவாரே என்று அவர்கள் நினைக்கவில்லை.

இன்று அந்தக் காலம் மலையேறிவிட்டது. நியூயார்க் மாநகராட்சி தன் கடைசிப் பொதுத் தொலைபேசியை 2022 மே மாதம் பெயர்த்தெடுத்தது. பிரிட்டனிலோ, 2008 முதல் ஊர்மக்கள் பழைய கூண்டுகளை ஒரு பவுனுக்கு வாங்கிக் காப்பாற்றி வருகிறார்கள். சில கூண்டுகள் குட்டி நூலகமாகியுள்ளன. சிலவற்றில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் கருவி இருக்கிறது.

மாணவர்களே! நாளை உங்களில் ஒருவர் பஸ் நிறுத்தமோ, மருந்தகமோ, பள்ளிக்கூடமோ வரையலாம். அங்கே நிற்கப் போகிறவர் ஏழையா, முதியவரா, வெயிலில் நடந்து வந்தவரா என்று முதலில் யோசியுங்கள். அதுவரை, பொதுவில் இருக்கும் பொருள் எதுவானாலும் உங்கள் வீட்டுப் பொருளாகக் காப்பாற்றுங்கள்.