மன்னார் வளைகுடாக் கடற்பாசிப் பெண்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கரையோரச் சிற்றூர்களில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் மீனவப் பெண்கள். மீன்பிடித்தல் ஆண்களின் தொழிலாகவே எண்ணப்படும் கரையில், இவர்கள் நேரடியாகக் கடலில் இறங்கி உழைப்பவர்கள். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்போடு இறங்குவார்கள். பறித்த பாசியை இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்ப்பார்கள். பாறையும் முள்ளும் கிழித்த கைகளே இத்தொழிலின் அடையாளம். மூச்சடக்கி மூழ்குவதற்கு வேறு கருவி ஏதுமில்லை.

மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் அகரும், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட்டும் தயாராகின்றன. உணவு, மருந்து, துணித் தொழில்களுக்கு இவை வேண்டும். உலர்த்திய பாசியை வாங்கும் வியாபாரியே பெரும்பாலும் விலை சொல்வார்.

1986இல் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபின், பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுப் பகுதிகளுக்குள் நுழைவது குற்றமானது. பவளப்பாறையைக் காக்கும் சட்டம் தேவையானதே. ஆனால் அதன் சுமை விசைப்படகுகளைவிட வெறுங்கைப் பெண்கள்மீது கூடுதலாக விழுந்தது. மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது எனப் பெண்களே கட்டுப்பாடு வகுத்ததும் உண்டு. இவர்களின் உரிமைக்காகக் குரல்கொடுத்த சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது.

சுய உதவிக் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் காப்பாபைகஸ் என்னும் பாசி மாற்று வருமானம். சுமார் 45 நாளில் அறுவடையாகும். எனினும் இந்த அயல் இனம் பூங்காவுக்குள் உள்ள குருசடைத் தீவின் பவளங்கள்மீது படர்ந்தது.