500 மீட்டர் பிறந்த கதை

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போனால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அங்கே மது விற்பது அரசின் டாஸ்மாக். இந்தப் பக்கம் உரிமம் வாங்கிய தனியார் ஒயின்ஷாப், பார், சாராயக்கடை, கள்ளுக்கடை எல்லாம் உண்டு. விலையும் பொதுவாகக் குறைவு. எல்லையோர மதுக்கடைக்குப் பாதி முதலீடு சாலைதான். போகிறவர் கண்ணில் பட வேண்டும், வண்டியை ஓரங்கட்ட இடம் வேண்டும். அந்த இரண்டிலும் கைவைத்தது ஓர் எண்.

எண் பிறந்தது டெல்லியில், வழக்கு நம்மூர் வழக்கு. 2004 ஜனவரியிலேயே தேசிய சாலைப் பாதுகாப்பு மன்றம், தேசிய நெடுஞ்சாலையோரம் மதுக்கடைக்கு உரிமம் தராதீர்கள் என்றது. மத்திய அரசும் மாநிலங்களுக்கு அறிவுரைக் கடிதம் எழுதியது. அறிவுரைக்கு என்ன மரியாதை உண்டோ அது கிடைத்தது. பாமக வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 2016 டிசம்பர் 15 அன்று தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் அமர்வு தீர்ப்பளித்தது: தேசிய, மாநில நெடுஞ்சாலை விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, கடை சாலையிலிருந்து தெரியக் கூடாது, சாலையிலிருந்து நேரே நுழைய வழியும் இருக்கக் கூடாது.

சாலையோரக் கடைகளில் இரண்டு சாதி. தேடி வருகிற கடை, போகிற போக்கில் நுழைகிற கடை. சாலை நடுவே தடுப்புச் சுவர் எழுப்பினாலும் நகைக்கடைக்குச் சுற்றிக்கொண்டு வருவார்கள். டீக்கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் அந்தச் சிரமம் யாரும் படமாட்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 1990களின் கடைசியில் சாலை நடுத்தடுப்புகளை வைத்து நடந்த ஆய்வு காட்டியதும் ஏறக்குறைய இதைத்தான். கூடவே இன்னொன்று: வேலை தொடங்கும் முன் வணிகர்கள் பயந்த அளவுக்குப் பின்னால் நட்டம் வரவில்லை.

நீதிமன்றம் மதுக்கடையை இரண்டாம் சாதியில் சேர்த்தது. அது முதல் சாதி என்று குடிப்பவர்கள் நிரூபித்தார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நெடுஞ்சாலைக் கடைகள் பூட்டப்பட, தமிழ்நாட்டில் டாஸ்மாக் ஊருக்குள் இடம் தேடியது. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடியவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. கேரளத்தின் வடக்கு பரவூரில் ஒரு பார், வாசலுக்கு முன் வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை கட்டித் தூரத்தைக் கூட்டிக்கொண்டது! சண்டிகர் நிர்வாகம் சாலைகளின் வகையையே மாற்றி எழுதியது.

புதுச்சேரிக்கு நெளிய இடம் குறைவு. 20,000 பேர் வரை வாழும் ஊர்களுக்கு 2017 மார்ச் 31 அன்று தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. புதுச்சேரி நகரம் அந்தக் கணக்கில் வராது. புதுச்சேரியைச் சேர்ந்த 9 சதுர கிலோமீட்டர் மாஹேவை நெடுஞ்சாலை ஊடறுத்துப் போகிறது. நெரிசலான முத்தியால்பேட்டையில் சாலையிலிருந்து 500 மீட்டர் விலகு என்றால் குடியிருப்புத் தெருவுக்குள் போ என்று பொருள். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் வைத்திக்குப்பம், அப்புறம் கடல்.

உண்மையில் அடிபடுவது பாருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். மீன் வறுக்கிற தள்ளுவண்டி, சுண்டல், அவித்த முட்டை, காலி பாட்டில் எடுப்பவர், ராத்திரி ஆட்டோ. கடை 500 மீட்டர் நகர்ந்தால் குடிப்பவர் பின்னாலேயே போய்விடுவார். வண்டிக்கடை போகிற இடத்தில் ஏற்கெனவே வேறொரு வண்டி நிற்கும். தீர்ப்பால் யாருக்கு நட்டம் என்ற வாதத்தில் மாநில வருவாயும் ஓட்டல் முதலாளிகளும் இருந்தார்கள். பாருக்குப் பக்கத்தில் நிற்கும் இவர்கள் பெயர் எழவில்லை.

2017 ஜூலை 11 அன்று, சண்டிகர் வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கியது. ஊர்விட்டு ஊர் பறக்கும் வண்டியோட்டியைத் தடுப்பதுதான் நோக்கமாம், நகரச் சாலை வேறாம். முத்தியால்பேட்டை புதுச்சேரி நகராட்சிக்குள் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் ஊராட்சிப் பகுதிகளுக்கும் அதே விலக்கைத் தரலாமா என்பதை மாநில அரசுகளின் முடிவுக்கே விட்டுவிட்டார்கள்.