அண்ணாச்சியின் மனக்கணக்கும் ரெடிஸின் குறிப்பேடும்

பி.காம். படிப்பவனுக்குக் கணினி வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்கியலில்தான் வந்து நிற்பேன்.

எங்கள் பென்னலூரில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி. ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பையன்களின் பாக்கியை எல்லாம் மனசிலேயே வைத்திருப்பார். கேட்ட நொடியில் பதில் வரும். ஒருமுறை பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். கடையில் உட்கார்ந்த மகனுக்கு யார் எவ்வளவு தரவேண்டும் என்றே தெரியவில்லை. அதற்குள் ரூமைக் காலி செய்து ஊருக்குப் போனவர்களின் பாக்கி போனது போனதுதான்.

கணினியிலும் இதே சிக்கல் உண்டு. வன்தட்டில் தேடுவதைவிட ரேமில் எடுப்பது பல மடங்கு வேகம். ஆனால் மின்சாரம் போனால் ரேமில் உள்ளது அழிந்துவிடும். 2003ல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டு, அடிக்கடி கேட்கப்படும் தகவலின் நகலை மட்டும் ரேமில் வைத்தது. அசல் வேறு தரவுத்தளத்தில் இருந்ததால், நகல் அழிந்தாலும் நஷ்டமில்லை.

2009ல் சிசிலிக்காரரான சால்வதோரே சன்ஃபிலிப்போ ஒரு படி மேலே போனார். இணையதளங்களுக்கு வருபவர்களை உடனுக்குடன் காட்டும் அவருடைய சேவைக்கு மைஎஸ்க்யூஎல் ஈடுகொடுக்கவில்லை. அசலையே ரேமில் வைத்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் ரெடிஸ்.

சரி, மின்சாரம் போனால்? அவ்வப்போது மொத்தத்தையும் படம் பிடித்ததுபோல் வட்டில் சேமிப்பது ஒரு வழி. இன்னொன்று, ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த வரிசையில் ஒரு கோப்பின் கடைசியில் எழுதிக்கொண்டே போவது. இது நம் குறிப்பேடுதானே! பேரேடு தொலைந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்து மறுபடி எழுதிவிடலாம். ரெடிஸும் அப்படித்தான் எழுந்து கொள்கிறது. நொடிக்கு ஒருமுறை வட்டுக்கு அனுப்பும்படி வைத்தால், சுமார் ஒரு நொடிக் கணக்கு போகலாம். ஒவ்வொரு பதிவையும் உடனே எழுதச் சொன்னால் பத்திரம், ஆனால் வேகம் குறையும்.

தேடல் தாமதமாகத்தான் வந்தது. பெயரைச் சொன்னால் பாக்கி கிடைக்கும். "ஐநூறுக்கு மேல் பாக்கி யார் யார்?" என்று கேட்க வேண்டுமானால் அதற்கான அட்டவணையை நாமே கட்ட வேண்டியிருந்தது. பிறகு ரெடிசர்ச் என்ற இணைப்பு வந்தது. 2025ல் வெளியான ரெடிஸ் 8ல் அந்தத் தேடல் உள்ளேயே சேர்ந்துவிட்டது.

ஆக, ரேமை நம்பி அசலை வைக்கலாம். ஆனால் எவ்வளவு போனால் தாங்கும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அண்ணாச்சி இன்றும் மனசிலிருந்துதான் பாக்கி சொல்கிறார். ஆனால் கல்லாப்பெட்டி பக்கத்தில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது.