போன் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையா?



எங்கள் வாலாஜாபாத் பக்கம் போன் என்றாலே ஒரு காலத்தில் நோக்கியாதான். ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. அந்த நோக்கியாவை வாங்கும்போது "உள்ளே என்ன பிராசசர்?" என்று யாராவது கேட்டிருப்போமா? சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், டார்ச் இருக்கா, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு வந்த பிறகுதான் கோர், கிகாஹெர்ட்ஸ் பேச்செல்லாம். கூடவே அன்டுடு, கீக்பெஞ்ச், சிபியு-இசட் எல்லாம் வந்தன.

ஓரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் என் அண்ணன், சேர்த்து வைத்த காசில் ஒரு செகண்ட் ஹேண்ட் போன் வாங்கி வந்தான். "பாருடா, எட்டு கோர்! ஆப்லயே காட்டுது" என்றான். கேமைத் திறந்தால் திணறல்.

விஷயம் என்னவென்றால், இந்த ஆப்கள் சில்லைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பிராசசர் பெயர், மாடல் போன்றவற்றைப் பெரும்பாலும் போனின் சிஸ்டம் ஃபைல்களில் எழுதியிருப்பதிலிருந்து படித்துக் காட்டுகின்றன. அந்த ஃபைலையே மாற்றி எழுதிய போலி போன்கள் உண்டு. அதாவது திருடனிடமே பெயர் கேட்பது மாதிரி :-)

சரி, பெயர் பொய்யாகலாம், ஓட்டிப் பார்த்து வாங்கும் ஸ்கோர்? அங்கேயும் கதை இருக்கிறது. 2013 ஜூலையில் ஆனந்த்டெக் தளம் சாம்சங் கேலக்ஸி எஸ்4-ஐ (எக்ஸினோஸ் சில் உள்ள மாடல்) சோதித்தது. சில குறிப்பிட்ட பெஞ்ச்மார்க்குகள் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் சில் 532 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மற்ற ஆப்களுக்கு 480 தான். மென்பொருளுக்குள்ளே 'பெஞ்ச்மார்க்பூஸ்டர்' என்ற பெயரே இருந்ததாம்!

அதே வருடம் நோட் 3-ஐப் பிடித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆர்ஸ் டெக்னிகா செய்தது ஒன்றே ஒன்று, கீக்பெஞ்சின் பெயரை மாற்றி ஓட்டியது. ஆப்பை அடையாளம் தெரியாததால் போன் தன் இயல்பான வேகத்துக்கு இறங்கிவிட்டது. ஸ்கோரில் சுமார் 20 சதவீதம் காலி. சாம்சங் மட்டுமில்லை, ஆப்பிள், மோட்டோரோலா தவிர தாங்கள் சோதித்த எல்லா நிறுவனங்களும் ஏதாவது ஒரு போனிலாவது இதைச் செய்தன என்று ஆனந்த்டெக் எழுதியது. எஸ்4 வழக்கு அமெரிக்காவில் 2019-ல்தான் சமரசத்தில் முடிந்தது. தப்பை ஒப்புக்கொள்ளாமலேயே, வாங்கியவருக்கு 10 டாலர்!

இருந்தாலும் கம்பெனி ஏமாற்றியது 20 சதவீதம்தான். ஃபைலில் பெயரை மாற்றுகிறவனுக்கு எல்லையே இல்லை. அண்ணன் போனில் கீக்பெஞ்ச் சிங்கிள் கோர் ஓட்டி, அதே மாடலுக்கு மற்றவர்கள் வாங்கிய ஸ்கோரோடு ஒப்பிட்டேன். பாதிகூட வரவில்லை. கடைக்குப் போனோம்.

"ஆப்பே சொல்லுதே தம்பி, அப்புறம் என்ன?" என்றார் கடைக்காரர்.